கழிமுகக் கரையோரம் – 17: உறிஞ்சும் வாயில் சிக்கும் பாசி

போன வாரம் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தின் வாசலோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அங்கிருந்து ஒரு கேள்வியோடு கிளம்பலாம். எண்ணூரில் தொடங்கி ஆரம்பாக்கம் வரை திருவள்ளூர் மாவட்டத்தின் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் ஆழமில்லாதது. பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தேறினாலே அதிகம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் சின்ன ஃபைபர் படகுகூடத் தரை தட்டும். எண்ணூர் கழிமுகத்தில் சேறோடு சாம்பலும் சேர்ந்து கிடக்கிறது. இந்தத் தண்ணீரில் அவசரத்துக்கு விரைய வேண்டிய ரோந்துப் படகும் மீட்புப் படகும் எந்த இயந்திரத்தை நம்புவது?

விசிறி வைத்த படகென்றால் நம் மீனவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம் உண்டு. ஆழம் குறைந்தால் அவுட்போர்டு என்ஜினைத் தூக்கிவிட்டுக் கோல் ஊன்றுவார்கள். விசிறியில் பாசி சுற்றினால் என்ஜினை மேலே சாய்த்து, கையாலேயே பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எல்லாம் கண்ணெதிரே நடக்கும் வேலை. ஆனால் பெரிய படகை நாற்பது நாட் வேகத்தில் ஓட்ட வேண்டும், அதுவும் ஆழமில்லாத கரையோரத்தில் என்றால் அடியில் விசிறியைத் தொங்கவிட்டு ஓட்ட முடியாது. அங்கேதான் வாட்டர்ஜெட் வருகிறது. எல் அண்ட் டி நிறுவனம் இந்தியக் கடலோரக் காவல்படைக்குக் கட்டிக்கொடுத்த 54 இடைமறிப்புப் படகுகளும் இரட்டை வாட்டர்ஜெட் பொருத்தியவை. அவற்றின் வேகம் 45 நாட், அதாவது மணிக்கு சுமார் 83 கிலோமீட்டர். கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளம் கடற்படைக்குக் கட்டிய கார் நிக்கோபார் வகை ரோந்துக் கப்பல்களில் மூன்று ஜெட்டுகள் இருக்கின்றன.

இன்றைய வாட்டர்ஜெட் உருப்பெற்றது நியூசிலாந்தில். ஆடு மேய்க்கும் பெரும்பண்ணை ஒன்றின் சொந்தக்காரரான பில் ஹாமில்டன், தம் ஊர்ப் பக்கத்தில் கூழாங்கல் நிறைந்து ஆழமில்லாமல் ஓடும் ஆறுகளில் எதிர்நீச்சல் போடும் படகு வேண்டுமென்று 1950களில் செய்து பார்த்தார். படகின் அடியில் ஒரு துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள குழாய் வழியாகப் பீய்ச்சினால் படகு பாயும் என்று கண்டுகொண்டார். இந்தியாவுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1977-ல் எட்மண்ட் ஹிலாரி வங்கக் கடலிலிருந்து கங்கையை எதிர்த்து இமயம் நோக்கிப் போன பயணத்தில் மூன்று ஜெட் படகுகள் சென்றன. ஓட்டியவர்களில் ஒருவர் பில் ஹாமில்டனின் மகன் ஜான். நந்தப்பிரயாகைக்கு அருகே ஒரு நீர்வீழ்ச்சி வழிமறிக்கும்வரை அந்தப் படகுகள் கங்கையிலும் அலக்நந்தாவிலும் ஏறிப்போயின.

கங்கையின் மேல்பகுதியில் பாறைதான் எதிரி. நம் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் எதிரி பாசி, கிழிந்த வலை, கேரி பேக், ஆகாயத்தாமரை.

வாட்டர்ஜெட்டின் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். படகின் அடித்தட்டில், பின்பகுதியை ஒட்டி ஒரு வாய். அதன் குறுக்கே நீளவாக்கில் கம்பிகள். வாய்க்கு மேலே சாய்வான சுரங்கம். அதன் முடிவில் சுழலும் இம்பெல்லர். என்ஜினிலிருந்து வரும் தண்டு அந்தச் சுரங்கத்தின் ஊடாகத்தான் இம்பெல்லரைச் சென்றடைகிறது. இம்பெல்லர் தள்ளும் தண்ணீர் நாஸில் வழியே பின்னால் சீறுகிறது. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. படகின் வேகம் அந்த இடைவெளியில் இருக்கிறது. மணலும் கூழாங்கல்லும் உள்ளே போய் அதைத் தேய்த்து அகலமாக்கினால், என்ஜின் எவ்வளவு உறுமினாலும் உந்துவிசை குறைந்துகொண்டே போகும்.

குப்பையிலும் தினுசு உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலையைக் காட்டும். கேரி பேக்கும் தார்ப்பாய்த் துண்டும் கம்பிகள்மேல் அப்பளம்போல் அப்பிக்கொண்டு வாயை அடைக்கும். நூல் நூலான பாசி கம்பிகளுக்கு நடுவே புகுந்து, தண்டைச் சுற்றி, இம்பெல்லர் இதழ்களின் முன்விளிம்பில் மீசைபோல் தொங்கும். எல்லாவற்றையும்விட மோசமானது நைலான் நரம்பு. தண்டில் சுற்றச் சுற்ற இறுகி, கடைசியில் தண்ணீர் உள்ளே வராமல் காக்கும் சீலையே அரித்துவிடும். அதன்பிறகு படகை மேடேற்றித்தான் ஆகவேண்டும்.

ஆகாயத்தாமரையைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நன்னீரில்தான் வாழும், உப்பில் தாங்காது. பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலையிலும் பொன்னேரிப் பக்கம் ஓடும் ஆரணியாற்றிலும் அது கோடை முழுக்கப் படர்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் பாயைச் சுருட்டியதுபோல் மொத்தமாகப் புரண்டு கழிமுகத்துக்கு வந்து சேரும். அங்கே உப்புத் தண்ணீர் பட்டு வாடி, அழுகி, நார்நாராகப் பிரியும். முழுச் செடியாக இருந்தபோது கம்பிகள் தடுத்து வைத்திருக்கும். அழுகிய நார் கம்பிகளுக்கு இடையே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அள்ள வேண்டியது எண்ணெய் மட்டுமாக இல்லை. எண்ணெயில் ஊறிய செடிகளையும் குப்பையையும் சேர்த்தே அள்ள வேண்டியிருந்தது. விரைந்து போக வேண்டிய நாள்தான் தண்ணீர் இப்படிக் கிடக்கிற நாளாகவும் இருக்கிறது.

ஜெட் அடைபட்டதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்கலாம். த்ராட்டில் வைத்த இடத்தில்தான் இருக்கும், ஆர்.பி.எம். மட்டும் ஏறும், படகு ஏறாது. "அண்ணே, முள்ளு மேல போவுது, போட்டு நவுரலியே!" என்று உதவியாள் சொன்னால் ஓட்டுநருக்கு விஷயம் புரிந்துவிடும். சல்லடையில் ஜல்லியைக் குலுக்குவதுபோல் அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். இம்பெல்லருக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காமல், அழுத்தம் குறைந்து, நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடைகிற சத்தம் அது. தொடர்ந்து ஓட்டினால் அந்தக் குமிழ்கள் உலோகத்தையே கொத்தித் தின்றுவிடும். இரட்டை ஜெட் என்றால் படகு ஒரு பக்கமாக இழுக்கும். இதழில் ஏதாவது சுற்றியிருந்தால் தரை அதிரும். பல படகுகளில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் அதே வழியாக வருவதால், வெப்பமானி முள்ளும் மெல்ல உயரத் தொடங்கும்.

இங்கேதான் விசிறிப் படகில் பழகிய கை தவறு செய்கிறது. விசிறியில் பாசி சுற்றினால் ரிவர்ஸ் போட்டு உதறுவது வழக்கம். விசிறி எதிர்த்திசையில் சுற்றும், பாசி கழன்றுவிடும். ஜெட்டில் ரிவர்ஸ் நெம்புகோலை இழுத்தால் இம்பெல்லர் திசை மாறாது. நாஸிலுக்குப் பின்னால் ஒரு பக்கெட் இறங்கி, சீறும் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும், அவ்வளவுதான். வாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பிடி இன்னும் இறுகும். ஆழமில்லாத இடமாக இருந்தால், முன்னோக்கிப் பாயும் அந்தத் தண்ணீர் அடியிலுள்ள மணலைக் கிளப்பி அதே வாய்க்குள் ஊட்டிவிடும். கரைக்கு அருகே ஜெட் படகைப் பின்னோக்கி முடுக்குவதைப் போன்ற கெட்ட பழக்கம் வேறில்லை.

முதலில் செய்ய வேண்டியது த்ராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்கு வருவது. உறிஞ்சும் விசை நின்றதும், கம்பிமேல் அப்பியிருந்த செடியும் பாலித்தீனும் பாதி நேரம் தாமாகவே விலகிவிடும். விலகவில்லை என்றால், கியர்பாக்ஸில் எதிர்த்திசை உள்ள படகுகளில் தண்டையே சில நொடிகள் பின்னோக்கிச் சுற்றவிடலாம். பேக் ஃப்ளஷ் என்பார்கள். மெதுவான வேகத்தில்தான் செய்ய வேண்டும். தண்ணீர் வாய் வழியாக வெளியே தள்ளப்படும், குப்பையும் கூடவே போகும். சில ஜெட்டுகளில் ரேக் என்ற சீப்பு இருக்கும்; மேலிருந்து நெம்புகோலை அசைத்தால் கம்பிகளுக்கு இடையே பற்கள் நகர்ந்து பாசியை வாரித் தள்ளும். இந்த இரண்டும் இல்லாத படகைப் பாசி மண்டிய கழிக்கு அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கும் மசியாதது நைலான். அதற்கு மூடியைத் திறந்தாக வேண்டும். உறிஞ்சும் சுரங்கத்தின் மேல்பக்கம், படகின் பின்கட்டில், போல்ட் போட்ட ஒரு கைத்துளை மூடி இருக்கும். படகு சும்மா மிதக்கும்போது அது நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும்படி வைத்திருப்பார்கள். அந்தச் 'சற்றே'யில் ஓர் உயிர் ஆபத்து இருக்கிறது. வெள்ளத்தில் மீட்ட இருபது பேரைப் பின்பக்கம் உட்காரவைத்திருந்தால் படகின் பின்பகுதி அமிழ்ந்து, மூடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். அந்த நிலையில் திறந்தால் என்ஜின் அறைக்குள் தண்ணீர் பொங்கும். ஆகவே ஆட்களை முன்னால் நகர்த்திய பிறகே மூடியைத் தொட வேண்டும். அதற்கு முன்பு என்ஜினை அணைத்து, சாவியை உருவ வேண்டும். அந்தச் சாவி உள்ளே கைவிடப்போகிறவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், வேறு யாரிடமும் இருக்கக் கூடாது.

கை உள்ளே போனதும் முதலில் தட்டுப்படுவது தண்டு. வழவழப்பாக இருந்தால் நல்லது. சொரசொரப்பாக, கயிறு சுற்றிய பம்பரம்போல் தட்டுப்பட்டால் வளைந்த கத்தியால் தண்டின் போக்கிலேயே நீளவாக்கில் அறுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் இன்னும் இறுகும். பிறகு தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு இதழின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நெளிவோ பல்லோ தட்டுப்பட்டால் அன்றைக்கு முழு வேகம் கூடாது. மூடியைத் திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வளையத்தில் ஒரு பாசி நூல்கூட இருக்கக் கூடாது. அந்த ஒரு நூல் போதும், தண்ணீர் கசிய.

இது படகுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. கடலை உறிஞ்சுகிற எதற்கும் இந்தக் கதிதான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடலுக்கடியில் தண்ணீர் எடுக்கும் சுரங்கத்தில் பச்சை ஆழிச் சிப்பிகள் ஒட்டி வளர்வதும், பருவத்தில் சொறிமீன் கூட்டம் வந்து வடிகட்டிகளை அடைப்பதும் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பதிவுசெய்துள்ள விஷயம். சுவீடனின் ஆஸ்கர்ஷாம் அணுஉலையை 2013-ல் சொறிமீன்கள் நிறுத்திவைத்தன. அங்கெல்லாம் சுழலும் வடிகட்டிகள், ஆள், மாற்று ஏற்பாடு என்று எல்லாம் உண்டு. நடுக்கழியில் நிற்கும் படகில் இருப்பது இரண்டு பேரும் ஒரு கத்தியும்தான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றினார்கள். அவர்களால் அது முடிந்ததற்குப் படகை விட அவர்களின் கைப்பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். அடைப்பைக் கழற்றும் வேலை அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும். புதிய இயந்திரத்தோடு வரும் படகில் பணியாற்றுகிறவர்களுக்கும் அதே பழக்கம் வேண்டும். இருட்டில், மழையில், ஆடும் படகில் மூடியைத் திறந்து மூடும் பயிற்சியை அவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது கொடுக்க வேண்டும்.

திருவள்ளூர் கரையோரத்துக்குப் படகு வாங்கும் எந்தத் துறையும் டெண்டரில் வேகத்தையும் இருக்கைகளையும் எழுதுவதோடு நிறுத்தாமல், பின்னோக்கிச் சுற்றும் கியர்பாக்ஸ், ரேக், முழு ஆள் ஏறிய நிலையிலும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் மூடி ஆகிய மூன்றையும் கட்டாயமாக எழுத வேண்டும். ஆரணியாற்றிலும் கொசஸ்தலையிலும் உள்ள ஆகாயத்தாமரையைச் செப்டம்பருக்குள் அள்ளிவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு அள்ளுவது கழிமுகத்துக்கு அனுப்பிவைத்த பிறகு அள்ளுவதுதான். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் இதைப் படிக்கும் மீனவச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிழிந்த வலையைத் தண்ணீரில் விடாதீர்கள், கரைக்குக் கொண்டுவாருங்கள். நாளைக்கு உங்களைத் தேடி வரும் மீட்புப் படகின் தண்டில் அது சுற்றிக்கொள்ளலாம்.

(தொடரும்)