நள்ளிரவில் அலறும் பீரோ: நாமே அடக்கலாம்!

பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் அடுப்பு மேடை. ஒரு பக்கம் கட்டில். நடுவில் பாய். மிஞ்சிய சுவரை அடைத்துக்கொண்டு ஊரிலிருந்து லாரியில் வந்த இரும்பு பீரோ. தாராவி, ஆன்டாப் ஹில் தொடங்கி கல்யாண் வரை நம்மவர்கள் வாழும் இடங்களில் இந்தக் காட்சியைக் காணாதவர் இருக்க முடியாது. 1920-களில் கட்டிய பி.டி.டி. சால்களில்கூட ஒரு குடும்பத்துக்கான அறை 160 சதுர அடிதான்.

மும்பையில் விடிகாலை நாலு மணி சுமாருக்கு லோக்கல் வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே எழுந்து, சட்டையும் பாஸும் எடுக்க பீரோவைத் திறக்கிறார் வீட்டுக்காரர். கிரீச்! மூடுகிறார். டமார்! தொட்டிலில் குழந்தை வீரிடுகிறது. அப்போதுதான் இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண்ணயர்ந்த தம்பி புரண்டு படுக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுக்கிறார்கள்.

"பீரோ சத்தம் ஒரு விஷயமா?" என்று கேட்கலாம். விஷயம்தான். டோம்பிவிலியில் வாடகைக்கு இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு இதனால் வீடே போக இருந்தது. அவர் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒரு மணி ஆகும். வந்ததும் பர்ஸையும் சாவியையும் பீரோவில் வைப்பது வழக்கம். சுவருக்கு அப்பால் ஒரு மராட்டிக் குடும்பம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இருதய நோயாளியான பாட்டி. இவர் வேண்டுமென்றே கதவை அறைகிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். மொழி தெரியாத காரணத்தால் பேசித் தீர்க்கவும் வழியில்லை. புகார் வீட்டுச் சொந்தக்காரரிடம் போயிற்று. "பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டார். பீரோவைத் தூக்கிப் போடவும் மனமில்லை. அது மனைவிக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீர்.

கடைசியில் நாகர்கோவில் பக்கத்து ஆசாரி ஒருவரை அழைத்து வந்து காட்டினார். பெரியவர் கதவைத் தொடவே இல்லை. நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நோவு கதவுல இல்ல, கால்ல இருக்கு" என்றாராம். "கால்லயா அண்ணாச்சி?" என்று இவர் விழித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு வேலை முடிந்தது. சத்தம் முழுக்கப் போகவில்லை. ஆனால் சுவர் தாண்டிப் போவது நின்றது. வீட்டு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. அந்த ஆசாரி செய்ததையும், அனுபவமுள்ளவர்கள் சொல்வதையும் இங்கே தருகிறேன்.

முதலில் எந்தச் சத்தம் என்று பாருங்கள்

பீரோவின் சத்தம் ஒன்றல்ல, நாலு விதம். கதவு திரும்பும்போது வரும் கிரீச், கீலின் சத்தம். கதவு சட்டத்தில் மோதும் டமார், தகட்டின் சத்தம். கைப்பிடியைத் திருப்பும்போது வரும் கடகட, பூட்டுக் கம்பிகளின் சத்தம். கதவின் அடி தேய்ந்து வரும் கரகர, பீரோ கோணலாக நிற்பதன் சத்தம். ஒருவர் கதவை மெதுவாக அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு கீலிலும் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வது எது என்று கைக்கே தெரிந்துவிடும்.

காலைச் சரி செய்யுங்கள்

இரண்டு கதவுகளையும் மூடி மேல் விளிம்பைப் பாருங்கள். ஒரு கதவு மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால், தரை சமமாக இல்லாமல் பீரோ முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். தாழ்ந்த கதவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து முன்காலுக்கு அண்டை கொடுக்க வேண்டும். ஒரு நாணயத்தின் கனத்துக்கு உயர்த்தி, கதவைப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஒரேயடியாகத் தூக்கினால் கோணல் மறுபக்கம் போய்விடும்.

மடித்த பத்திரிகைக் காகிதம் இதற்கு ஆகாது. மழைக்காலத்தில் ஊறி அமுங்கிவிடும். ஓட்டுத்துண்டு நொறுங்கும். பிளைவுட் துண்டும், அதன் மேல் செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் கெட்டியான ரப்பர் சோல் துண்டும் நல்லது. ரப்பர் இருந்தால் அதிர்வு தரை வழியாகப் பக்கத்து அறைக்குப் போவது குறையும்.

ஓர் எச்சரிக்கை. பீரோவைக் காலி செய்த பிறகே தூக்குங்கள். இரண்டு பெரியவர்கள் வேண்டும். குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். இரண்டு கதவும் திறந்திருக்கும்போது பீரோவின் பாரம் முன்பக்கம் சாயும். குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கினால் கவிழவும் கூடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், சொந்தக்காரரின் அனுமதி பெற்று, மேல்பகுதியை ஒரு கோணப் பட்டையால் சுவரோடு பிணைப்பது அவசியம். பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள்.

கீலுக்கு எந்த எண்ணெய்?

கீல் கத்துவதற்குக் காரணம் எளிது. முளையும் குழலும் துருவேறி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, சட்டென்று நழுவுகின்றன, மறுபடி பற்றுகின்றன. நொடிக்குப் பல நூறு தடவை இது நடக்கும்போது ஓசையாகிறது. வயலின் வில் தந்தியில் ஒலி எழுப்புவதும் இதே முறையில்தான். மும்பையின் கடல் காற்றில் உப்பு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் வேறு. ஆகையால் இங்கே துரு சீக்கிரம் பிடிக்கிறது.

நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெயை எடுப்பார்கள். இரண்டு நாள் சத்தம் நிற்கும். பிறகு தூசி ஒட்டும். வெப்பம் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் உறைந்துவிடும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய்தான் ஏற்றது. முதலில் பழைய துணியால் கீலின் அழுக்கைத் துடையுங்கள். கீலின் தலைப்பில் இரண்டே சொட்டு விட்டு, கதவைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு இன்னும் ஒரு சொட்டு விடுங்கள். கீழே பழைய துணி விரிக்க மறக்க வேண்டாம். பட்டுப்புடவையில் கறை பட்டால் பீரோவைவிட வீட்டில் சத்தம் அதிகமாகும்!

மர அலமாரிக்கு முறை வேறு. மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஜூலையில் கதவு இறுகுகிறது என்று இழைப்புளி போட்டால், டிசம்பரில் இடைவெளி விழுந்து கதவு ஆடும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தைக் கடத்துங்கள். காய்ந்த பிறகும் உரசினால் மட்டும் ஆசாரியைக் கூப்பிடலாம்.

டமார் ஓசைக்கு மருந்து

மெல்லிய இரும்புத் தகடு பறைத் தோல் போன்றது. சட்டத்தில் மோதியதும் முழுத் தகடும் அதிர்கிறது. இதற்கு இரண்டு வேலை. ஒன்று, மோதலை மெதுவாக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, கதவு வந்து படியும் சட்டத்தில் மேலும் கீழும் நடுவிலும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முன்னதாக உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். துண்டு தடிப்பாக இருந்தால் பூட்டு விழாது, கவனம். கறுப்பு ரப்பர் பெயின்டில் கறை போடும் என்று அஞ்சுபவர்கள் பழைய கம்பளித் துண்டை ஒட்டலாம்.

இரண்டு, அதிர்வைக் கொல்ல வேண்டும். கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். "டங்" என்று ஒலிக்கிறதா? உட்புறம் பழைய ரப்பர் விரிப்பில் ஒரு முழம் வெட்டி நன்றாக ஒட்டுங்கள். மறுபடி தட்டினால் "டப்" என்று அடங்கும். பீரோவின் முதுகு சுவரைத் தொடக் கூடாது. ஓர் அங்குலமாவது விலகியிருக்கட்டும். அண்டை வீட்டோடு பொதுவாக உள்ள சுவரை விட்டு வேறு சுவருக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. டோம்பிவிலி நண்பருக்கு அதிகம் உதவியது இந்த இடமாற்றமே.

கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் ஓடும் கம்பிகளுக்கு, அவை நுழையும் துளைகளில் சிறிது கிரீஸ் தடவுங்கள். கதவை மூடும்போது கைப்பிடியைத் திருப்பியபடியே வைத்து, கதவு படிந்த பிறகு மெல்ல விட்டால் பாதிச் சத்தம் அப்போதே போய்விடும்.

புது பிளாட்டுகளில்

பிளைவுட் அலமாரிகளில் உள்ளே மறைந்திருக்கும் கீல்களில் திருகுகள் உண்டு. கதவைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் நகர்த்த அவை உதவும். கால் திருப்பு, அரைத் திருப்பாகத் திருப்பிப் பாருங்கள். கடைசி நேரத்தில் தானாக மெதுவாகும் கீல்களும் இப்போது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. தள்ளும் கதவாக இருந்தால் தண்டவாளத்தில் எண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து சக்கரம் திணறும். பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தாலே போதும்.

காசில்லாத வழிகள்

2000-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. டெசிபலில் 10 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. நம் பீரோவை யாரும் கருவி வைத்து அளக்கப் போவதில்லை. ஆனாலும் பகலில் காதில் விழாத ஓசை இரவில் இடியாகிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

எனவே மறுநாள் உடுப்பு, பாஸ், பர்ஸ் எல்லாவற்றையும் இரவு பத்துக்கு முன்பே எடுத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். தாமதமாக வருபவர்கள் பர்ஸ் வைக்க பீரோவுக்கு வெளியே ஒரு சிறு பெட்டி வைத்துக்கொள்ளட்டும். பூட்டில் தொங்கும் சாவிக்கொத்தைத் துணிப்பையில் போடுங்கள்.

இவ்வளவும் செய்ய ஒரு விடுமுறை நாள் போதும். ஷிப்டு முடிந்து வருபவனுக்குத் தூக்கம்தான் மறுநாள் வேலைக்கு முதல். வருகிற ஞாயிறு திருப்புளியையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுங்கள். முடிந்ததும் பக்கத்து வீட்டாரிடம், தெரிந்த இந்தியிலோ மராட்டியிலோ, "இப்போது சத்தம் கேட்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.