பம்பு புஷ்ஷிற்கு ஏற்ற வெண்கலம்

நீரிறைக்கும் பம்பில் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் புஷ் ஒரு சிறிய உருப்படியே. ஆயினும் பயிர் கதிர்விடும் தருணத்தில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளுமாயின், தண்டும் கீறலுற்றுப் பாய்ச்சல் தடைப்படும். வெண்கலம் என்ற ஒரே பெயரை நம்பி எதையும் வாங்கிப் பொருத்துவது இந்நஷ்டத்திற்கு ஒரு காரணமாகும்.

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. வெண்கலத்திலும் சேர்மானத்திற்குத் தக்கபடி குணம் வேறுபடும். மணி வார்க்கும் வெண்கலத்தில் நூற்றுக்குச் சுமார் 22 பங்கு வெள்ளீயம் உண்டு. அதன் நாதம் இனிது. ஆனால் பலமாக அடிபட்டால் உடையுமாதலால் இயந்திரத்திற்கு உதவாது. இயந்திரங்களுக்கு உரியவை பின்வருவன:

1. காரீய வெண்கலம்: செம்பு 80, வெள்ளீயம் 10, காரீயம் 10 பங்கு. காரீயம் செம்பிற் கரையாது சிறு துளிகளாகத் தங்கும். எண்ணெய் சற்றே குறைந்த வேளையில் இத்துளிகள் வழவழப்பைத் தந்து தண்டைக் காக்கும். புஷ்களுக்கு இது மிக உகந்தது.

2. பாஸ்பர வெண்கலம்: வெள்ளீயம் சுமார் 10 பங்கும், பாஸ்பரஸ் ஒரு பங்கிற்குட்பட்டும் சேர்ந்தது. பெருஞ்சுமை தாங்கும் புஷ்களுக்கும் பற்சக்கரங்களுக்கும் ஏற்றது. எண்ணெய் தவறாது இடவேண்டும்.

3. கன்மெட்டல்: செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் வகைக்கு 5 பங்கு. நீர்க்கசிவின்றி வார்ப்படமாவதால் வால்வுகளுக்கும் பம்பின் இம்பெல்லருக்கும் ஆகும்.

4. அலுமினிய வெண்கலம்: அலுமினியம் சுமார் 9 அல்லது 10 பங்கு. உப்புநீரை எதிர்த்து நிற்கும் வலிமையுடையது. ஆனால் மிருதுவான தண்டிற்குப் புஷ்ஷாக இட்டால் தண்டையே தேய்த்துவிடும்.

தண்டைக் காட்டிலும் புஷ் மிருதுவாயிருத்தல் வேண்டும் என்பதே பொது விதி. தேய்வது விலை குறைந்த புஷ்ஷாயிருப்பதே லாபம்.

பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி வார்த்த புஷ் மலிவாகக் கிடைக்கலாம். துத்தநாகம் மிகுந்த பித்தளை உவர்நீரில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து, துளைவிட்டு உளுத்துப்போகும். அரத்தால் தேய்த்துப் பார்த்தால் அத்தகைய பித்தளை மஞ்சளாகவும், வெள்ளீய வெண்கலம் செம்மை கலந்தும் தோன்றும். அலுமினிய வெண்கலமும் மஞ்சளாதலால் நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. வார்ப்படச் சாலையாரிடம் உலோகத்தின் சேர்மானத்தை ரசீதில் எழுதி வாங்குதல் நலம்.

ஊர்ப் பொதுக் குடிநீர்ப் பம்புகளுக்குச் சாமான் வாங்கும் கிராம அதிகாரிகள், காரீயம் நஞ்சாதலின், அது கலவாத உலோகத்தையே கேட்டுப் பெறல் வேண்டும்.