பருவமறிந்து மந்தை காப்போம்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. பால்மரங்கள் இலையுதிர்த்து வருமானம் குன்றிய மாதங்களில், நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கியவை கொட்டகை மாடுகளே. 1996ஆம் ஆண்டு கூலிம் ஹைடெக் பூங்கா தொடங்கப்பெற்ற பின்னர், இவ்வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் அகன்ற சாலைகளும் பெருகின. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. எனவே, உள்ள புல்லைக் கொண்டே ஆண்டு முழுவதும் மந்தையைப் பேணும் முறையை நாம் அறிதல் நன்று.

இறைச்சிக்காக வளர்க்கப்படும் மந்தை பெரும்பாலும் மேய்ந்தே எடை கூடுவது. நம் நாட்டுக் கெடா-கிளந்தான் இன மாடு உருவில் சிறியது. ஆயினும் வெப்பத்தைத் தாங்கும், தவறாது கன்று ஈனும். 200 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ பசும்புல் தேவை.

இங்கு ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை மிகும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குறையும். மழைக்காலத்தில் மேய்ச்சல் நிலத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் மேய்த்தால், ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு வாரம் ஓய்வு கிடைக்கும். அதற்குள் புல் மீண்டும் தழைக்கும். ஓயாமல் மேயவிட்டால், புல்லின் வேர் வலுவிழந்து, மாடு தின்னாத களையே மிஞ்சும்.

தமிழகத்தின் கொங்கு நாட்டு உழவர் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவர். காங்கேயம் மாடுகள் மேயும் 'கொறங்காடு' என்னும் நிலத்தைக் கிளுவை வேலியால் அடைத்து, மழை பெய்ததும் கொழுக்கட்டைப்புல் வளரும்வரை மாடுகளை விடாமல் காப்பர்.

வறட்சி மாதங்களுக்கு முன்னேற்பாடு வேண்டும். கெடா நெல் விளையும் மாநிலம். அறுவடை முடிந்ததும் வைக்கோலைச் சேமிக்கலாம். வைக்கோலில் சத்துக் குறைவு. ஆதலால் செம்பனை விதைப் பிண்ணாக்கையும் சேர்த்தளிப்பது நலம். ஆனால், அப்பிண்ணாக்கில் உள்ள செம்புச் சத்து செம்மறியாடுகளுக்கு நஞ்சாகக்கூடும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஜூலைத் தொடக்கத்தில் காளையுடன் சேர்த்தால், ஏப்ரல் மாதத்தில் கன்று பிறக்கும். அப்போது புதுப்புல் மிகுதியாதலால் தாய்க்குப் பால் பெருகும். வறட்சியில் ஈன்று மெலிந்த பசுவோ மீண்டும் சினைபிடிக்கத் தாமதிக்கும். ஓராண்டுக் கன்று நமக்கு நட்டமாகும்.

ஈரமிகுந்த நாள்களில் தொண்டை அடைப்பான் நோயும் குடற்புழுக்களும் தாக்கும். மழைக்கு முன்னரே கால்நடை இலாகாவை நாடித் தடுப்பூசி போடுவித்தல் அறிவுடைமை.

செம்பனைக் காட்டில் மேய்ப்போர் இரண்டினை மறத்தலாகாது. இளஞ்செம்பனையின் ஓலையை மாடு கடித்துவிடும். மரம் வளர்ந்த பின்னரே, நிர்வாகத்தின் இசைவோடு மேய்த்தல் வேண்டும். களைக்கொல்லி தெளித்த நிறைகளுக்குள் மாட்டை விடலாகாது.

மாணவச் செல்வங்களே! இரவில் அவிழ்த்துவிடப்பட்ட மாடு, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் உங்கள் தந்தையின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். அந்தி சாயுமுன் மந்தையை எண்ணிக் கொட்டகையில் அடையுங்கள். மழை பெய்த நாள்களையும் கன்று பிறந்த நாளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பே அடுத்த ஆண்டு உங்கள் பெற்றோர்க்கு வழிகாட்டும்.