கல்யாணமும் சட்டமும் – 12: டெல்லி வரை போகாமலே

கொங்கு வெள்ளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐயர் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பவானி, அந்தியூர், கோபி வட்டாரத்தில் சீர்களை முன்னின்று நடத்துபவர் அருமைக்காரர். அவரும் குடியானவர்தான், தனிச் சீர் செய்து அந்தத் தகுதியைப் பெற்றவர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் இல்லாமல் இணைச்சீர் நடக்காது. மங்கல வாழ்த்துப் பாடுவது முடிதிருத்தும் குடிமகன். அக்கினி வளர்த்து ஏழு அடி வைத்தால்தான் கல்யாணம் என்று இந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 7ஆம் பிரிவில், மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால் போதும் என்கிறது. வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் சட்டத்துக்குத் தொல்லையில்லை. வழக்கமே இல்லாத புதிய கல்யாணம் வந்து நின்றால் என்ன செய்வது? தன்பாலினத் திருமணம் பற்றிய இன்றைய வாதம் முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. இதே கேள்வியைத் தமிழ்நாடு ஒருமுறை சந்தித்துத் தீர்த்தும் இருக்கிறது. அந்தக் கதை தொடங்குவது பவானிக்குப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, ஈரோட்டில்.

பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1928 முதல் புரோகிதர் இல்லாத, மந்திரம் இல்லாத திருமணங்களை நடத்திவந்தது. ஒரு தலைவர், இரண்டு மாலை, நாலு பேர் பேச்சு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி உருவாயின. 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெய்வானை ஆச்சி வழக்கு வந்தபோது இடி விழுந்தது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, காலங்காலமான வழக்கமும் இல்லை, ஆகவே சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது நீதிமன்றம். மாலை மாற்றி வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி அல்ல என்று ஆனது. பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்வி வீட்டு வாசலில் வந்து நின்றது.

அதைத் தீர்த்து வைத்தது டெல்லி அல்ல. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, மத்திய அரசின் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும். 1968 ஜனவரி 20இல் பிரிவு நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் அது உயிரோடுதான் இருக்கிறது: வழக்கறிஞர் முன்னிலையில் நடந்த சுயமரியாதைத் திருமணமும் செல்லும், ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் சொன்னது.

தமிழ்நாடு முந்திக்கொண்டது அந்த ஒரு முறை மட்டுமல்ல. இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதை மெட்ராஸ் மாகாணம் 1949லேயே தடுத்தது; நாடு முழுவதற்கும் அந்தத் தடை வந்தது 1955இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற திருத்தத்தை ஆந்திரத்தை அடுத்துத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது; நாடாளுமன்றம் அதைச் செய்ய 2005 ஆனது.

இப்போது தன்பாலினத் திருமணத்துக்கு வருவோம். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்தது. அடுத்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். மணமகள் என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்றார். எல்லாக் கதவும் திறக்கப்போகிறது என்று பலர் எண்ணியிருந்த நேரத்தில் 2023 அக்டோபர் 17இல், தன்பாலினத் திருமணத்தை ஏற்கக் கோரிய சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் அல்லாத ஓர் இணைவையாவது அரசு ஏற்கவேண்டும் என்றவர்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் மட்டுமே. மற்ற மூவர் அதையும் மறுத்தார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின.

தீர்ப்பின் இந்தப் பாதியை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. சந்திரசூட் தம் தீர்ப்புரையில் சொன்ன இன்னொன்றைக் கவனித்தவர்கள் குறைவு. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் உண்டு, மாநிலச் சட்டமன்றங்களுக்கும் உண்டு என்கிறார் அவர். அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, பொதுப்பட்டியல், ஐந்தாம் இனம்: திருமணம், மணவிலக்கு, தத்து, உயில், வாரிசுரிமை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அண்ணா நுழைந்த வாசலும் அதுவே.

அந்த வாசலுக்கு ஒரு காவல் உண்டு. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டத்துக்கு 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967இல் காங்கிரஸைத் தோற்கடித்து வந்த கட்சியின் மசோதாவுக்கு, காங்கிரஸ் ஆண்ட டெல்லி ஒப்புதல் கொடுத்தது. இன்று அப்படி நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தியை 2025 ஏப்ரலில் முதல்வரே சட்டமன்றத்தில் அறிவித்தார். தன்பாலினத் திருமணத்தை நீதிமன்றத்தில் நேருக்கு நேர் எதிர்த்த மத்திய அரசு, அதே திருமணத்துக்குக் கையெழுத்துப் போடுமா?

மாநிலத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வழக்கு நடந்தபோது மாநிலங்களிடம் மத்திய அரசு கருத்துக் கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் எழுதின. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் எதிர்த்தன. மற்ற நான்கும் அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை.

ஆகவே முழுத் திருமணச் சட்டம் இப்போதைக்குத் தொலைவில்தான். ஆனால் கல்யாணத்தால் கிடைக்கும் பலன்களில் பெரும்பகுதிக்கு டெல்லியின் கையெழுத்தே தேவையில்லை என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை.

பத்திரப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பவானியில் இரண்டு பெண்கள் இருபது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் பெயரில் முப்பது லட்சம் மதிப்புள்ள வீடு. தன் காலத்துக்குப் பிறகு இன்னொருத்தி தெருவில் நிற்கக் கூடாது என்று செட்டில்மென்ட் எழுதப் போகிறார். பத்திர எழுத்தர் கேட்கும் முதல் கேள்வி: “என்ன உறவுங்க?”

கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு, அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணம் ஒரு விழுக்காடு, 10,000த்தைத் தாண்டாது. முப்பது லட்சத்துக்கு மொத்தம் 40,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும். குடும்பம் அல்லாதவர் என்றால் 2023இல் மாற்றியமைத்த விகிதப்படி தீர்வையும் கட்டணமுமாக ஒன்பது விழுக்காடு: 2,70,000 ரூபாய். இருபது வருடத் துணைக்கு வீட்டைக் கொடுக்க அந்த அம்மாள் கூடுதலாகக் கட்டவேண்டியது 2,30,000 ரூபாய்.

உயில் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், முத்திரைத் தீர்வையும் இல்லை. ஆனால் அவர் கண்ணை மூடியதும் பங்காளிகள் உயிலை எதிர்த்து வழக்குப் போட்டால், உயிலை நிரூபிக்கக் கோர்ட்டு வாசலில் நிற்கப்போவது இன்னொருத்திதான். உயிலும் இல்லாமல் போனால் வாரிசுச் சட்டத்தில் அவளுக்குச் சல்லிக்காசு கிடையாது.

செட்டில்மென்ட்டுக்கு யாரெல்லாம் குடும்பம் என்று முடிவு செய்வது மாநில அரசு. முத்திரைத் தீர்வை விகிதமும் பதிவுக் கட்டணமும் அதன் கையில். அரசு மருத்துவமனையில் நோயாளிக்காகக் கையெழுத்துப் போட யாரை அனுமதிப்பது என்று உத்தரவிடவும் அதனால் முடியும். குடும்ப அட்டையிலும், கூட்டு வங்கிக் கணக்கிலும் தன்பாலினத் துணையை ஏற்கலாம் என்று 2024இல் மத்திய அரசின் துறைகளே சொல்லிவிட்ட பிறகு மாநிலம் தயங்க என்ன இருக்கிறது?

வழியையும் நீதிமன்றம் காட்டியிருக்கிறது. பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே தன்பாலீர்ப்பு புரியவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு 2021 ஜூனில் உத்தரவு பிறப்பித்தார். தன்பாலீர்ப்பாளர்களை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லிச் செய்யும் வைத்தியத்தைத் தடுத்தார். அதன் தொடர்ச்சியாக, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளை 2022இல் தமிழக அரசு திருத்தியது. 2023 நவம்பரில் அதே நீதிபதி, சேர்ந்து வாழும் இருவர் குடும்ப இணைவு ஆவணம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள ஏற்பாடு செய்வதைப் பரிசீலிக்கும்படி அரசிடம் சொன்னார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் ஓர் ஆட்கொணர்வு மனுவில், திருமணம் செல்லாவிட்டாலும் இவர்கள் குடும்பமாக வாழத் தடையில்லை என்று எழுதினார்கள்.

2025 ஜூலை 31இல் அரசு வெளியிட்ட மாநிலக் கொள்கை திருநர்களுக்கானது. 2008இலேயே திருநங்கையருக்கு நலவாரியம் கண்ட மாநிலம் அதைச் செய்தது பொருத்தமே. இணைவு ஆவணம் மட்டும் கோப்பிலேயே கிடக்கிறது.

இப்படி உள்ளூரில் தொடங்கிய நாடுகள் உண்டு. டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் 2015இல் தன்பாலினத் துணைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. நாட்டுச் சட்டம் வரவில்லை, ஆனால் ஊர் ஊராக நகராட்சிகள் பின்தொடர்ந்தன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2004இல் தொடங்கியது நாடு முழுவதும் பரவப் பதினொரு வருடம் ஆனது. மெக்சிகோவில் தலைநகரம் 2009இல் போட்ட சட்டம் கடைசி மாநிலத்தை எட்டியது 2022இல்.

இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. ஒன்று, இது அரைக் கல்யாணம், இரண்டாந்தரக் குடியுரிமை என்று அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வரும் வாதம். நியாயமானதுதான். குடும்ப ஓய்வூதியமும் தத்தெடுப்பும் இந்த ஆவணத்தால் கிடைத்துவிடாது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரிடம், முழு உரிமை வரும்வரை காத்திரு என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

இன்னொன்று, நம் ஊர் இதற்குத் தயாரில்லை என்பது. உண்மை, நம் ஊர் சாதி மாறிய கல்யாணத்துக்கே தயாரில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சாதி மாறிக் கல்யாணம் செய்த ஓர் இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்ததை நாடே கேமராவில் பார்த்தது. அந்தத் தம்பதி ஆணும் பெண்ணும்தான், மேஜர்தான். ஊர் தயாராகட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கல்யாணச் சட்டமும் வந்திருக்காது. 1967இலும் ஊர் முழுக்கச் சுயமரியாதைத் திருமணத்துக்கு மாறிவிடவில்லை. அருமைக்காரர் சீர் செய்கிற வீட்டில் இன்றும் சீர் நடக்கிறது. 7அ யாருடைய சடங்கையும் பறிக்கவில்லை, விட்டுப்போனவர்களைச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பத்திரப் பதிவில் குடும்பம் என்ற பட்டியலில் ஒரு வரி, இணைவு ஆவணத்துக்கு ஓர் அரசாணை, மருத்துவமனைக் கையெழுத்துக்கு ஒரு சுற்றறிக்கை. மூன்றும் சென்னைக் கோட்டையிலேயே முடிகிற வேலை. வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும், அண்ணா பெயரைச் சொல்லி வந்தால் இந்த மூன்றையும் கேளுங்கள். இதற்கும் டெல்லியைக் காட்டினால் நம்பாதீர்கள்.

(தொடரும்)