பேசாமல் ஆடும் சீட்டாட்டம் கல்லூரி வகுப்பில் என்ன கற்றுத் தருகிறது?

கெப்பாலா பத்தாஸ், பொங்சு செரிபுவில் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என வெவ்வேறு இடங்களில் தொடக்கக் கல்வியை முடித்தவர்கள் இங்கே ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பதே நெடுநாள் ஒதுக்கீடு. 2024-இல் எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என அரசாங்கம் அறிவித்தது. இருந்தாலும், ஒரு வகுப்பில் இந்திய மாணவர்கள் ஓரிருவராகவே இருக்கக்கூடும்.

அந்த ஒருவரை எழுப்பி, "உங்க பண்பாட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றால், அவர் ஓர் இனத்துக்கே பதில் சொல்ல வேண்டியவராகி விடுகிறார். இதற்கு மாற்றுதான் அனுபவவழிக் கற்றல்.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு?

'பார்ங்கா' என்ற சீட்டாட்டம். இதை உருவாக்கியவர் தமிழரான சிவசைலம் தியாகராஜன். 1980-இல் லைபீரியாவின் பார்ங்கா நகரில் பணியாற்றியபோது இது பிறந்தது.

எப்படி ஆடுவது?

ஒவ்வொரு மேசைக்கும் விதிகள் எழுதிய தாள் தரப்படும். பழகியதும் தாளைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அதன்பின் யாரும் பேசக் கூடாது, சைகை மட்டும்தான். வென்றவர்கள் ஒரு மேசைக்கும், தோற்றவர்கள் வேறொரு மேசைக்கும் மாறுவார்கள்.

விஷயம் என்னவென்றால், மேசைக்கு மேசை விதி கொஞ்சம் வேறுபடும். ஓரிடத்தில் இஸ்பேட் துருப்பு, இன்னோரிடத்தில் டைமண்ட். இது ஆடுபவர்களுக்குத் தெரியாது. "இவன் கள்ளாட்டம் ஆடுறான்" என்று ஒருவர் நினைப்பார். "எனக்குத்தான் புரியலையோ" என்று இன்னொருவர் அடங்கிப் போவார்.

பாடம் எங்கே இருக்கிறது?

ஆட்டம் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலில். எப்போது கோபம் வந்தது? யார் விட்டுக்கொடுத்தார்கள்? ஏன்? இந்தக் கேள்விகளுக்கு எந்த இனத்தவரும் பதில் சொல்லலாம். யாரும் தன் குடும்பக் கதையை அவிழ்க்க வேண்டியதில்லை. கலந்துரையாடலுக்கு நேரம் ஒதுக்காவிட்டால், மிஞ்சுவது வெறும் சீட்டாட்டம்தான்.

இது மட்டும் போதுமா?

போதாது. மேசை மாறும்போது எவரும் அந்நியராகலாம். கல்லூரியிலோ, எண்ணிக்கையில் குறைந்தவர்களே தினமும் அடுத்தவர் விதிக்குப் பழகிக்கொள்கிறார்கள். அதோடு, இட ஒதுக்கீடு போன்ற விவகாரம் வெறும் புரிதல் கோளாறும் அல்ல. அந்த வேறுபாட்டையும் வகுப்பில் பேச விரிவுரையாளர் இடம் கொடுத்தால்தான், விட்டுக்கொடுத்தே பழகிய மாணவரும் வாய் திறப்பார்.