காதைக் குத்தும் 'ட்ஸ்... ட்ஸ்...': உங்க பீட்ல ஹை-ஹாட் ஓவரா சத்தம் போடுதா?

ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு பீட்டை முடிச்சேன். கிக் அதிருது, பேஸ் உருளுது, மேல ஹை-ஹாட் 'ட்ஸ் ட்ஸ்'னு ஜொலிக்குது. செம குஷியா நண்பனுக்கு அனுப்பினா, காலையில பதில் வந்தது: "மச்சி, என்ன ஒரே இரைச்சலா இருக்கு?" மொபைல் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். கிக்கைக் காணோம், பேஸைக் காணோம். சோடா பாட்டிலை யாரோ விடாம திறக்கிற சத்தம்தான் வந்தது.

வீட்டில் உட்கார்ந்து எலெக்ட்ரானிக் மியூசிக் பண்ணும் பலரும் சறுக்கும் இடம் இது. மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் பேஸ் ஒலியைத் தர முடியாது. ஹை-ஹாட் போன்ற கூர்மையான ஒலிகளை மட்டும் அது தாராளமாகத் தரும். போதாததற்கு, நம் காதும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்குத்தான் அதிகம் சிலிர்க்கும்.

இந்த ஒலி எங்கிருந்து வந்ததுனு தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். 1980-ல் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினில் நிஜமான தாளத்தட்டு எதுவும் கிடையாது. ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு மின் அலைகளைக் கலந்து, கீழ் ஒலிகளை வடிகட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பதை ஹை-ஹாட் என்றார்கள். 1983-ல் வந்த 909, நிஜ சிம்பலின் ரெக்கார்டிங்கைப் பயன்படுத்தியது. இன்று நாம் டவுன்லோடு செய்யும் ஏகப்பட்ட சாம்பிள்கள் இந்த இரண்டின் வாரிசுகள்தான். ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும் அவற்றுக்கு ஈக்யூவில் ட்ரெபிளை ஏற்றுவது, மைசூர்பாக் மேல சர்க்கரை தூவுற கதை.

அதனால் ஈக்யூ பக்கம் போகும் முன், ஹை-ஹாட் ஃபேடரை முழுசா கீழே இறக்குங்க. பாட்டு ஓடட்டும். மெதுவா ஏத்துங்க. 'ஆங், கேட்குது'னு தோணும் இடத்தில் நிறுத்திடுங்க. பிறகு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டலாம், அங்கே பெரிதாக எதுவும் இருக்காது. பாடகர் 'ஸ', 'ச' என்று உச்சரிக்கும் ஒலிகள் சுமார் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் வரும். ஹை-ஹாட்டும் அங்கேதான் குடியிருக்கும். அந்த இடத்தில் ஹை-ஹாட்டை 2, 3 டெசிபல் குறைத்தாலே வரிகள் தெளிவாகும்.

இன்னொண்ணு, எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால், சத்தம் கம்மியா இருந்தாலும் எரிச்சல் வரும். டிரம்மரின் கை அப்படி அடிக்காது. வெலாசிட்டியை ஏற்றி இறக்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு அடியைத் துளி தாமதமாக்கும் 'ஸ்விங்'கையும் முயன்று பாருங்கள். 50 சதவிகிதம் என்றால் நேர் தாளம், 54, 56 வைத்தாலே தலை தானா ஆடும். ஓப்பன் ஹாட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது க்ளோஸ்டு ஹாட் விழுந்தால் முதலாவது அறுந்து நிற்க வேண்டும். நிஜ பெடலில் அப்படித்தான் நடக்கும். சாஃப்ட்வேரில் இரண்டையும் ஒரே 'சோக் குரூப்'பில் போட்டால் போதும்.

சரி, ராத்திரி அது ஏன் நல்லா கேட்டுச்சு? மூணு மணி நேரம் சத்தமா கேட்ட காது களைச்சிருந்தது. மேல் ஒலிகள் மங்கினதும், அதை ஈடுகட்ட நான் ஹை-ஹாட்டை இன்னும் ஏத்தியிருக்கேன். இது மிக்ஸோடு முடியும் பிரச்னை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். ஒரே ராத்திரியில் அதைத் தீர்த்துவிடுவோம். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ஙொய்ய்'னு சத்தம் இருந்தால், அன்றைக்கு வேலையை மூட்டை கட்டுங்கள். அடிக்கடி வந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆகணும். இழந்த கேட்கும் திறனைத் திருப்பித் தர எந்த பிளக்-இன்னும் கிடையாது.

மறுநாள் அந்த ஃபைலைத் திறந்து, பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்கிற அளவுக்கு வால்யூமைக் குறைத்து, ஹை-ஹாட்டை மட்டும் 6 டெசிபல் இறக்கினேன். வேற எதையும் தொடலை. திரும்பவும் அதே நண்பனுக்கு அனுப்பினேன். "பேஸ் லைன் புதுசா போட்டியா?"னு கேட்டான்.