உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளம் ஏறிய நீராவி லொறி

லிந்துலையில் கொழுந்து லொறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு லொறி என்றாலே டீசல் புகைதான். கரி போட்டு, தண்ணீர் ஊற்றி ஓட்டிய லொறிகளும் ஒரு காலத்தில் இருந்தன.

அவற்றைச் செய்தது இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரிலிருந்த சென்டினல் கம்பனி. லேலண்ட், பெட்ஃபோர்ட் போல அல்லாமல், நம்மவர் வாயில் புழங்காத பெயர். 1923இல் வந்த ‘சூப்பர் சென்டினல்’ லொறியில், சாரதிக்கு முன்னால் கெபினுக்குள்ளேயே பொய்லர் நெட்டுக்குத்தாக நிற்கும். கரியை மேலேயிருந்துதான் போடவேண்டும். சதுர அங்குலத்துக்கு 230 இறாத்தல் அழுத்தம்! இயந்திரம் லொறித் தளத்துக்கு அடியில். அங்கிருந்து வரும் சங்கிலி பின்சில்லுகளைச் சுழற்றும். கியர்பெட்டி கிடையாது. ஏற்றத்தில் கியர் மாற்றி மாற்றிக் கை ஓய்ந்த நம் தோட்டத்துச் சாரதிகள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

1930களில் பிரிட்டனில் வாகன எடையைப் பார்த்து வரியை ஏற்றினார்கள். பொய்லரைச் சுமந்த லொறிகள் வசமாக மாட்டிக்கொண்டன. ஆனாலும் 1950 வாக்கில் ஆர்ஜென்டினாவின் ரியோ துர்பியோ நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் சுமார் 100 நீராவி லொறிகளைச் சென்டினல் செய்துகொடுத்தது.

சென்டினல் கதையில் இலங்கைக்கும் பங்கு உண்டு. லொறியில் கைவந்த அதே நுட்பத்தைக் கொண்டு சென்டினல் 1928இல் கட்டிய நீராவி ரயில் பெட்டி, களனிவெளிப் பாதையில் 762 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடியது. இன்று அது கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலவாக்கலையில் கொழும்பு ரயில் ஏறுகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம்.